எட்டிக்கொட்டையும் வீட்டு வைத்தியமும்

கல்வராயன் மலையடிவாரத்தில் உள்ள வடக்கனந்தலிலும் அதனைச் சூழ்ந்த கிராமங்களிலும் எட்டி மரத்தை அறியாத குடியானவர் இலர். வைத்திய நூல்களில் காஞ்சிரம் என்றும் காஞ்சிரை என்றும் கூறப்படுவது இம்மரமே. எதிரெதிராக அமைந்த பளபளப்பான இலைகளும், இலையின் அடியினின்று நுனி நோக்கி ஓடும் மூன்று அல்லது ஐந்து நரம்புகளும் இதற்கு அடையாளம். இதன் கனி பழுத்தபின் கிச்சிலிப் பழத்தைப்போல் செம்மஞ்சள் நிறங்கொண்டு, வழியிற் செல்லும் குழந்தையைக் கை நீட்டச் செய்யும் அழகுடையது. கனியைப் பிளந்தால், குழைந்த சதையினுள்ளே சில வட்டமான கொட்டைகள் கிடைக்கும். அவை சட்டைப் பொத்தான்போல் தட்டையாய், சாம்பல் நிறமாய், மேலே பட்டு மயிர் படிந்தாற்போன்ற மினுமினுப்புடன் இருக்கும். அக்கொட்டையே எட்டிக்கொட்டை.

எட்டி பழுத்ததனால் எவருக்கும் பயனில்லை என்று, ஈயாத செல்வரை எட்டிக்கு ஒப்பிடுவது நம்மவர் வழக்கு. அவ்வுவமை மரத்திற்கு இழைத்த அநீதி என்றே எனக்குத் தோன்றுகிறது. எட்டியின் மரம் கடினமானது. கறையான் எளிதில் அரிக்காது. கலப்பைக்கும், வண்டிக்கும், கருவிகளின் பிடிகளுக்கும் நம் முன்னோர் இதனைப் பயன்படுத்தினர். தழையைச் சேற்று வயலில் மிதித்து உரமாக்கும் வழக்கமும் உண்டு. மேற்குத் தொடர் மலைக் காடுகளில் இருவாய்ச்சிப் பறவைகள் இதன் பழச்சதையை விரும்பி உண்டு, கொட்டையைத் தூர எறிந்து, காட்டில் மரம் பெருகுவதற்கு உதவுகின்றன. ஆகவே இம்மரத்தால் பயன் இல்லை என்பது தவறு. ஆயினும், பயன் உண்டு என்று சொல்லப் புகுந்த நம்மவர் சிலர் அதற்கு மேலும் ஒரு படி சென்று, கொட்டையைத் தாமே இடித்து மருந்தென்று உண்ணத் துணிந்திருப்பதுதான் எனக்குக் கவலையை உண்டாக்கியது. எட்டிக்கொட்டை விற்பனைக்குரிய சரக்கு. தேர்ந்த வைத்தியன் கைக்குரிய சரக்கு. நம் வீட்டு அஞ்சறைப் பெட்டிக்கு உரியதன்று. இதனை எடுத்துச் சொல்லவே இக்கட்டுரையை எழுதலானேன்.

எனக்குப் பெரிய தகப்பனார் முறையாகும் ஒருவர் இருக்கின்றார். வயது அறுபதைக் கடந்தவர். கரும்புக் கொல்லையிலேயே ஆயுளைக் கழித்தவராதலால் முழங்கால் வாதம் அவரை விடாது பற்றிக்கொண்டது. சித்த வைத்தியர்கள் வாத நோய்களுக்கு எட்டி சேர்ந்த மருந்துகளைக் கொடுப்பதுண்டு என்பதை யாரிடமோ அவர் கேட்டறிந்தார். கேட்ட விஷயம் பொய்யன்று. ஆனால் வைத்தியரிடம் போக வேண்டுமென்று அவருக்குத் தோன்றவில்லை. ஓடையோரத்து மரத்தடியில் ஐந்தாறு கொட்டைகளைப் பொறுக்கி, நெய்யில் வறுத்து, அதுவே சுத்தி என்று எண்ணி, உரலிலிட்டு இடித்து, வெல்லத்துடன் கலந்து ஒரு டப்பியில் வைத்துக்கொண்டார். நாள்தோறும் விடியற்காலையில் ஒரு சிட்டிகை. மூன்று நாட்கள் ஒன்றும் நேரவில்லை. கால் சற்று இலேசாயிற்று என்றுகூடச் சொன்னார். நான்காம் நாள் சிட்டிகை சற்றுப் பெரிதாயிற்று.

அரை மணி நேரத்திற்குள் பிடரி விறைத்தது. கெண்டைக்கால் இழுத்தது. கதவு சாத்திய ஓசைக்கு உடம்பு முழுவதும் தூக்கிப் போட்டது. பின்பு தாடை இறுகி, முகம் சிரிப்பதுபோல் கோணிற்று. அருகில் இருந்தோரில் ஒருவர் உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்கச் செய்யலாம் என்றார். மற்றொருவர் முகத்தில் தண்ணீர் தெளிக்கலாம் என்றார். நர்ஸ் படிப்புப் படிக்கும் பேத்தி ஒருத்தி அன்று வீட்டில் இருந்தது எங்கள் பாக்கியம். அவள் எவரையும் தொடவொட்டாமல் தடுத்து, கூச்சலை அடக்கி, 108 வண்டியை வரவழைத்து, டப்பியையும் கையோடு எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள். பெரியவர் பிழைத்தார். சில நாட்கள் கழித்து நான் பார்க்கச் சென்றபோது அவர் சொன்ன வார்த்தை என் மனத்தை விட்டு அகலவில்லை. “எல்லாம் தெரிந்தது தம்பி. நீங்கள் பேசியது ஒவ்வொன்றும் காதில் விழுந்தது. வாய் மட்டும் திறக்கவில்லை” என்றார்.

இது இவ்விஷத்திற்கே உரிய கொடுமை. எட்டிக்கொட்டையில் ஸ்ட்ரிக்னைன், புரூசின் என்னும் இரண்டு காரச் சத்துகள் முக்கியமானவை. பிரான்சு தேசத்து ரசாயனிகளாகிய பெல்லெத்தியே, காவந்து என்னும் இருவர் 1818-ஆம் வருஷத்தில் ஸ்ட்ரிக்னைனையும் அடுத்த வருஷத்தில் புரூசினையும் பிரித்தெடுத்தனர். நம் முதுகுத் தண்டிலுள்ள நரம்புகளுக்கு இரு வகை ஏவல்கள் உண்டு. ஒன்று தசையை இழு என்பது. மற்றொன்று போதும், விடு என்பது. பின்னதைச் செய்வது கிளைசின் என்னும் பொருள். ஸ்ட்ரிக்னைன் அக்கிளைசின் அமர வேண்டிய இடத்தை மறித்துக்கொள்கிறது. மூக்கணாங்கயிறு அறுந்த காளையைப்போல், அடக்குவாரின்றித் தசைகள் யாவும் ஒருங்கே இழுக்கின்றன; சிறு ஓசையும், சிறு வெளிச்சமும், ஒரு தொடுதலும் போதும். மூச்சு விடுவதற்கான தசைகளும் இறுகிவிடுவதால் மரணம் நேரிடுகிறது. அறிவோ கடைசி வரையில் தெளிவாகவே இருக்கிறது. அதனால்தான், எட்டி உண்டவரை வாந்தி எடுக்கச் செய்தல் ஆகாது என்று டாக்டர்கள் எச்சரிக்கின்றனர். அம்முயற்சியே வலிப்பைத் தூண்டி, எடுத்த வாந்தி மூச்சுக் குழலில் புகுந்துவிடக்கூடும். இருட்டும் அமைதியுமான இடத்தில் கிடத்தி, தாமதமின்றிப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு செல்வதே செய்யத்தக்கது. அங்கே வலிப்பை அடக்கும் மருந்தும், வேண்டுமாயின் மூச்சு யந்திரமும் உண்டு.

கொட்டையில் காரச் சத்துகள் மொத்தம் நூற்றுக்கு இரண்டு முதல் மூன்று பங்கு வரையில் இருக்கும். அதில் ஏறக்குறைய பாதி ஸ்ட்ரிக்னைன். இப்பங்கு மரத்திற்கு மரம் மாறும். முற்றிய கொட்டைக்கும் முற்றாத கொட்டைக்கும் மாறும். எல்லாக் கொட்டைகளும் பார்வைக்கு ஒன்றே. கசப்பைக் கொண்டு அளக்கலாம் என்று எண்ணுவோரும் உண்டு. ஆனால் மிகச் சொற்ப அளவிலேயே நாக்கைச் சுருட்டும் கசப்புடையதை நாக்கினால் எவ்வாறு நிறுக்கக் கூடும்? நெல்லையும் உளுந்தையும் மரக்காலில் அளந்து பழகிய நாம், உயிரைக் கொல்லும் பொருளை மாத்திரம் சிட்டிகையில் அளப்பது என்ன நியாயம்?

இங்கே சித்த வைத்தியத்தின்மேல் குறை கூறுவதாக எவரும் கருத வேண்டாம். எட்டி விஷம் என்பதை முதலில் நன்கறிந்தவர்கள் அவ்வைத்தியர்களே. அறிந்ததனால்தான் சுத்தி என்னும் முறையை வகுத்தனர். சுத்தி முறைகள் பலவாயினும், ஆயுர்வேத நூல்களில் பெரிதும் வழங்கும் ஒன்றைக் குறிப்பிடலாம். கொட்டைகளைப் பசுவின் கோமூத்திரத்தில் ஏழு நாட்கள் ஊற வைத்து, நாள்தோறும் கோமூத்திரத்தை மாற்றி, பின்பு கழுவிப் பசும்பாலில் நெடுநேரம் வேக வைப்பர். மேல்தோலை உரித்து, இரண்டாகப் பிளந்து, உள்ளிருக்கும் முளையை அகற்றிவிட்டு, பருப்பைப் பசு நெய்யில் வறுத்துப் பொடி செய்வர். எங்கள் பெரியவர் செய்தது இக்கிரமத்தின் கடைசிப் படி மாத்திரமே! இக்காலத்து ஆராய்ச்சிச் சாலைகளில் இம்முறைகளைச் சோதித்தவர்கள், சுத்திக்குப்பின் ஸ்ட்ரிக்னைனும் புரூசினும் குறைவதையும், அவற்றுள் ஒரு பகுதி வேறு பொருள்களாக மாறுவதையும் கண்டிருக்கின்றனர். முன்னோரின் அனுபவத்திற்கு இது நல்ல சாட்சியே. ஆயினும் குறைகிறது என்பது வேறு; நீங்கிவிடுகிறது என்பது வேறு. சுத்தி செய்த சரக்கிலும் விஷம் எஞ்சியிருக்கிறது. எஞ்சியது எவ்வளவு என்பதைச் சோதனைச் சாலை ஒன்றே சொல்லக் கூடும்.

மற்றொரு விஷயத்தையும் இங்கே சொல்லிவிட வேண்டும். குறைந்த விஷம் எங்கே போயிற்று? அதில் ஒரு பங்கு ஊறிய நீரிலும் வெந்த பாலிலும் இறங்கியிருக்கிறது. அந்தப் பாலைக் கொல்லைப்புறத்தில் கொட்டினால், நாயும் கன்றுக்குட்டியும் நக்காமலிருக்குமா? சுத்தி செய்வோர் சொல்லத் தவறும் விஷயம் இது. கால்நடை வைத்திருப்போர் கேட்கத் தவறலாகாத விஷயமும் இதுவே.

இந்தியச் சர்க்காரும் இச்சரக்கை விஷமென்றே கணக்கிட்டிருக்கிறது. 1940-ஆம் வருஷத்து மருந்துச் சட்டத்தைச் சார்ந்த 1945-ஆம் வருஷத்து விதிகளில், ஆயுர்வேத, சித்த, யூனானி முறைகளுக்குரிய விஷப் பொருள்களை வரிசைப்படுத்திய அட்டவணை ஒன்று உண்டு. எட்டிக்கொட்டை அதில் இடம்பெற்றுள்ளது. அவ்வட்டவணையிற் கண்ட பொருள் சேர்ந்த மருந்தின் புட்டியின்மேல், வைத்தியரின் மேற்பார்வையில் உட்கொள்ள வேண்டும் என்னும் எச்சரிக்கையை இங்கிலீஷிலும் ஹிந்தியிலும் பொறிக்க வேண்டுமென்று விதி கூறுகிறது. வெள்ளிமலையிலும் கச்சிராயபாளையத்திலும் அம்மருந்தை வாங்குகிறவர்களில் எத்தனை பேர் அவ்விரு மொழிகளையும் படிக்க வல்லவர்? தமிழிலும் அவ்வெச்சரிக்கை இருக்க வேண்டும் என்று கேட்பது பாஷாபிமானத்தினால் அன்று. படிக்க இயலாத எச்சரிக்கை எச்சரிக்கையே ஆகாது.

நம் ஜில்லாவாருக்கு இவ்விஷயத்தில் அதிகம் விளக்க வேண்டியதில்லை. 2024-ஆம் வருஷம் ஜூன் மாதத்தில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயத்தை அருந்தி அறுபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். எட்டியும் மெத்தனாலும் வெவ்வேறு பொருள்களே. எனினும், உள்ளே இருப்பது இன்னதென்றும் இவ்வளவென்றும் அறியாமல், கொடுப்பவன் வார்த்தையை நம்பி விழுங்கும் வழக்கம் இரண்டிற்கும் பொதுவன்றோ?

எட்டியைக் கையாண்டவர் நம்மவர் மாத்திரமல்லர். ஒரு காலத்தில் இங்கிலீஷ் வைத்தியர்களும் இதனைத் தாராளமாகக் கொடுத்தனர். பசியைத் தூண்டவும், களைப்பைப் போக்கவும், இரும்புச் சத்தும் கொயினாவும் ஸ்ட்ரிக்னைனும் சேர்ந்த ஈஸ்டன் சிரப் என்னும் பானம் நம் நாட்டு மருந்துக் கடைகளிலும் விலைபோயிற்று. 1904-ஆம் வருஷத்தில் அமெரிக்காவின் செயின்ட் லூயி நகரில் நடந்த ஒலிம்பிக் நெடுந்தூர ஓட்டத்தில், தாமஸ் ஹிக்ஸ் என்பவருக்கு ஓடும் வழியிலேயே முட்டையின் வெண்கருவிலும் பிராந்தியிலும் ஸ்ட்ரிக்னைனைக் கலந்து ஊட்டினார்கள். அவர் வென்றார் என்பது மெய்தான். பிறர் தாங்கிப் பிடிக்கும் நிலையில் வந்து சேர்ந்தார் என்பதும் மெய். பிற்காலத்தில் இங்கிலீஷ் வைத்தியம் ஸ்ட்ரிக்னைனைக் கைவிட்டது. குணம் செய்யும் என்று கருதப்பட்ட அளவிற்கும் கொல்லும் அளவிற்கும் இடையே உள்ள வரப்பு மிகக் குறுகியது. குணத்திற்கோ தக்க சான்று கிடைக்கவில்லை.

இதற்கு மாறாக ஒன்றைக் கூறலாம். நம் மாகாணத்தின் மலராகிய செங்காந்தளும் கடுமையான விஷச் செடியே. அதன் கிழங்கைக் கலப்பைக் கிழங்கு என்று நாம் அழைப்பது அதன் வடிவத்தினால். வள்ளிக்கிழங்கென்று மயங்கி அதனைத் தின்று இறந்தோரும் உண்டு. ஆயினும் அதிலுள்ள கால்ச்சிசின் என்னும் சத்தை எடை பிடித்து, மில்லிகிராம் கணக்கில் மாத்திரையாக்கி, கீல்வாதத்தில் ஒரு வகையாகிய கவுட் என்னும் நோய்க்கு இன்றளவும் டாக்டர்கள் கொடுக்கின்றனர். மூலனூர், ஒட்டன்சத்திரம் பக்கத்துக் குடியானவர்கள் செங்காந்தளைப் பந்தலிட்டுப் பயிராக்கி, விதையை வெளிநாடுகளுக்கு அனுப்பிப் பணம் பார்க்கின்றனர். அவர்களில் எவரும் அவ்விதையை வீட்டில் இடித்து உண்பதில்லை. விஷச் செடியினால் குடியானவன் வாழ முடியும் என்பதற்கு இதனைவிட நல்ல உதாரணம் நமக்கு வேண்டியதில்லை.

இனி ஹோமியோபதிக்கு வருவோம். எட்டிக்கொட்டை அம்முறையில் நக்ஸ் வாமிகா என்று பெயர் பெற்றுப் பெரும் புகழ் அடைந்திருக்கிறது. அம்முறையை உண்டாக்கிய ஜெர்மன் டாக்டர் ஸாமுவேல் ஹானிமன் 1805-ஆம் வருஷத்தில் வெளியிட்ட மருந்து நூலிலேயே இது இருக்கிறது. அஜீரணம், மலச்சிக்கல், தூக்கமின்மை, கோபம் என்று பலவற்றிற்கும் இதனைக் கொடுக்கின்றனர். நம் கிராமங்களிலும் சிறு சர்க்கரை உருண்டைகள் நிறைந்த புட்டி இல்லாத தெரு அரிது. விஷக் கொட்டையினால் ஆகிய மருந்தைக் குழந்தைக்குக் கொடுக்கலாமா என்று சிலரும், ஹோமியோபதியில் அதே கொட்டையைக் கொடுக்கும்போது நாம் சிறிது உண்டால் என்ன என்று வேறு சிலரும் கேட்கின்றனர். இரண்டு கேள்விகளுக்கும் விடை ஒரே கணக்கில் அடங்கியிருக்கிறது.

கொட்டைத் தூளைச் சாராய சத்தில் ஊற வைத்து எடுத்தது தாய்த் திராவகம். அதில் ஒரு துளிக்கு 99 துளி சாராய சத்தைச் சேர்த்துக் குலுக்கினால் முதற்படி. அதில் ஒரு துளியை எடுத்து மீண்டும் 99 துளி சேர்த்தால் இரண்டாம் படி. மூலம் பதினாயிரத்தில் ஒரு பங்காயிற்று. ஆறாம் படியில் லட்சம் கோடியில் ஒரு பங்கு. நம் கோமுகி அணை நிரம்பியிருக்கும்போது அதில் ஒரு துளி தாய்த் திராவகத்தை விட்டுக் கலக்க முடியுமானால், அந்நீர் ஏறத்தாழ ஏழாம் படிக்கும் எட்டாம் படிக்கும் இடைப்பட்டதாயிருக்கும். கடைகளில் சாதாரணமாக விற்பது முப்பதாம் படி. பொருள்களின் அணுக் கூட்டங்களை எண்ணும் ரசாயனக் கணக்கின்படி, பன்னிரண்டாம் படிக்கு மேல் மூலப்பொருளின் ஒரு கூறேனும் எஞ்சியிருக்க வழியில்லை. ஆகவே அந்த உருண்டையில் எட்டி விஷம் இருக்கிறதென்று அஞ்ச வேண்டுவதில்லை. அதனைக் காட்டி, எட்டி தீங்கற்றது என்று வாதிடவும் இடமில்லை.

அப்படியாயின் அது குணம் செய்யுமா? ஹோமியோபதியை நம் சர்க்கார் அங்கீகரித்திருக்கிறது. 1973-ஆம் வருஷத்தில் அதற்கென்று ஒரு சட்டமும், 2020-ஆம் வருஷத்தில் தேசியக் கமிஷனுக்கான சட்டமும் உண்டாயின. மதுரை ஜில்லா திருமங்கலத்தில் சர்க்கார் கல்லூரியும் நடைபெறுகிறது. படித்த வைத்தியர்களிடம் ஆறுதல் பெற்றோர் பலர் என் நண்பர்களிலேயே உள்ளனர். எனினும் ஆஸ்திரேலியா தேசத்துச் சர்க்காரின் வைத்திய ஆராய்ச்சிக் குழு, பல நோய்களைப் பற்றிய பரீட்சைகளைத் திரட்டி ஆராய்ந்து, நம்பத்தக்க சான்றுடன் ஹோமியோபதி குணம் செய்வதாக ஒரு நோயையும் கூற முடியவில்லை என்று 2015-ஆம் வருஷத்தில் முடிவு கூறிற்று. கணக்கையும் அம்முடிவையும் சேர்த்துப் பார்க்கையில், எனக்கு அவ்வுருண்டையில் நம்பிக்கை உண்டாகவில்லை. சாதாரண வயிற்று மந்தத்திற்கு ஒருவர் அதனை உண்டால் நான் தடுக்க மாட்டேன். நெஞ்சு வலிக்கும், நிற்காத காய்ச்சலுக்கும் அதனையே நம்பிக் காலம் கடத்தினால் தடுக்காமல் இருக்கவும் மாட்டேன்.

ஆனால் உண்மையான அபாயம் வேறோரிடத்தில் இருக்கிறது. உருண்டையும் தாய்த் திராவகமும் ஒரே பெயரைத் தாங்கி, ஒரே அலமாரியில், ஒரே மாதிரியான புட்டிகளில் இருக்கின்றன. தாய்த் திராவகத்தில் மெய்யான ஸ்ட்ரிக்னைன் உண்டு. ஹோமியோபதி என்றால் தீங்கில்லை என்று கேட்டுப் பழகிய ஒருவர், நாலு உருண்டைக்குப் பதிலாக அத்திராவகத்தைக் கரண்டியால் அளந்து குடித்தால் என்னாகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. ஆதலின் புட்டியின் மேல் எழுதியிருக்கும் எழுத்தையும் எண்ணையும் பாராமல் எவரும் வாங்கலாகாது. வைத்தியர் எழுதிக் கொடுத்தாலன்றித் தாய்த் திராவகத்தை வீட்டில் வைப்பதும் கூடாது.

பாம்புக்கடியைப் பற்றியும் ஒரு வார்த்தை. எட்டி வேரை அரைத்துக் கொடுத்தால் பாம்பின் விஷம் முறியும் என்ற நம்பிக்கை மலையிலும் அடிவாரத்திலும் இன்னும் உண்டு. இரவில் நீர் பாய்ச்சப் போகும் நமக்கு இது உயிர் விஷயம். கட்டுவிரியனின் விஷமும் மூச்சை நிறுத்துகிறது. எட்டியின் விஷமும் மூச்சை நிறுத்துகிறது. கடிபட்டவருக்கு இரண்டாவது விஷத்தையும் ஊட்டி, ஆஸ்பத்திரிக்குப் போகும் நேரத்தையும் வீணாக்குவதா? நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கிற்கும் பொதுவான மாற்று மருந்து நம் நாட்டில் இருக்கிறது. அதற்கு வேண்டிய விஷத்தைச் சென்னைக்கு அருகில் வடநெம்மேலியிலுள்ள இருளர் கூட்டுறவுச் சங்கத்தார் பாம்பு பிடித்து எடுத்துக் கொடுக்கின்றனர். பாம்பைப் பரம்பரையாக அறிந்த அம்மக்களே மாற்று மருந்துக்கு உழைக்கும்போது, நாம் எட்டி வேரை அரைத்துக்கொண்டிருப்பது பரிதாபம்.

இவ்வளவும் கேட்டு, எட்டி மரங்களையெல்லாம் வேரோடு வெட்டிவிடலாம் என்று ஒரு நண்பர் என்னிடம் கூறினார். அது வேண்டியதில்லை. குழந்தைகள் விளையாடும் இடத்திலும் பள்ளிக்கூடத்து வேலியிலும் நிற்கும் மரத்தைப் பற்றி யோசிக்கலாம். காட்டிலும் ஓடைக்கரையிலும் நிற்பது நிற்கட்டும். மெல்ல வளரும் மரமாதலால் இதனைப் பயிராக இடுங்கள் என்றும் நான் சொல்லவில்லை. இருக்கும் மரத்தின் கொட்டையை ஒழுங்காகச் சேகரித்து விற்பதே நமக்கு உகந்தது. சித்த, ஆயுர்வேத, யூனானி, ஹோமியோபதி மருந்து செய்வோர் அனைவருக்கும் இக்கொட்டை வேண்டியிருக்கிறது. கடுக்காயைப்போல் இதுவும் மலைச் சரக்கே.

விலையில் பெரும்பங்கு பொறுக்கியவர் கைக்கு வருகிறதா என்றால், இல்லை. 2006-ஆம் வருஷத்து வன உரிமைச் சட்டம், காட்டில் வாழ்வோருக்குச் சிறு வனப் பொருள்களின்மேல் உடைமையையே அளித்திருக்கிறது. எனினும் தனித்தனியாய்ச் சாக்கைத் தூக்கிக்கொண்டு இறங்கி வரும் மலையாளிக் குடும்பம், வியாபாரி சொன்ன விலைக்கே கொடுத்துப் போகிறது. மலைவாழ் மக்களின் கூட்டுறவுச் சங்கங்கள் கொட்டையை ஒருங்கே வாங்கி, சதையைக் கழுவி, நன்கு உலர்த்தி, முற்றாததையும் பூஞ்சணம் பிடித்ததையும் நீக்கி, ஒரு மாதிரியைச் சோதனைக்கு அனுப்பிச் சத்து இவ்வளவு என்று சீட்டுப் பெற்று விற்குமானால், கேட்கும் விலைக்கு ஓர் ஆதாரம் கிடைக்கும். மருந்து செய்வோருக்கும் அளவு தெரிந்த சரக்கு கிடைக்கும். சரக்கில் கலப்பு நேர்ந்தால் வரும் கேட்டிற்கு ஒரு பழைய சான்று உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், அங்கஸ்துரா என்னும் மருந்துப் பட்டையோடு எட்டிப் பட்டை கலந்து ஐரோப்பாவிற்குப் போய்ச் சேர்ந்தது. அதை உண்டவர்கள் மாண்டனர். புரூசின் முதன்முதலில் கண்டுபிடிக்கப்பட்டதே அப்போலிப் பட்டையிலிருந்துதான். ஆகையால் எட்டிக்கொட்டைச் சாக்கைக் கடுக்காய்ச் சாக்கோடும், விதைத் தானியத்தோடும், மாட்டுத் தீவனத்தோடும் ஒரே அறையில் அடுக்குதல் கூடாது. கொட்டையைத் தேய்த்துக் கழுவிய கையைச் சோப்பிட்டுக் கழுவாமல் சோற்றில் வைத்தலும் கூடாது. ஈரக் கொட்டையை முற்றத்தில் உலர்த்தும் வீடுகளில் குழந்தைகள் அதைக் காசென்று எடுத்து விளையாடுவதை நானே கண்டிருக்கிறேன். பெரியவர்கள் அதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

விவசாய இலாகாவினருக்கு என் வேண்டுகோள் ஒன்று உண்டு. நெற்பயிருக்குப் பூச்சி மருந்து தெளிக்கும்போது புட்டியின்மேல் முக்கோணக் குறியைப் பார்க்கும்படி நம் உதவி விவசாய அதிகாரிகள் பல வருஷங்களாகச் சொல்லி வருகின்றனர். ஜனங்களும் ஒருவாறு கற்றுக்கொண்டிருக்கின்றனர். அதே கூட்டங்களில், எட்டிக்கும் செங்காந்தளுக்கும் ஐந்து நிமிஷம் ஒதுக்கினால் போதும். எட்டி பழுக்கத் தொடங்குமுன் கச்சிராயபாளையம், வடக்கனந்தல், வெள்ளிமலை முதலிய இடங்களில் ஒரு தாள் விளம்பரம் ஒட்டலாம். அதில் மரத்தின் படமும் கொட்டையின் படமும் இருக்கட்டும். உண்டவருக்கு வாந்தி உண்டாக்காதே, வெளிச்சமும் சத்தமும் இல்லாமல் கிடத்து, 108-ஐக் கூப்பிடு என்ற மூன்று வரிகள் கொட்டை எழுத்தில் இருக்கட்டும். சுகாதார இலாகாவின் வேலையை விவசாய இலாகா ஏன் செய்ய வேண்டும் என்று கேட்பார் இருக்கலாம். மரம் நம் வரப்பிலும் ஓடைக்கரையிலும் அல்லவோ நிற்கிறது!

எங்கள் பெரியவருக்கு முழங்கால் வலி இன்னும் இருக்கிறது. இப்பொழுது மாதம் ஒருமுறை சர்க்கார் ஆஸ்பத்திரியின் சித்தப் பிரிவுக்குப் பஸ்ஸில் போய் வருகிறார். அங்கே கொடுக்கும் தைலத்தை மேலே தடவிக்கொள்கிறார். அதில் என்னென்ன சரக்குகள் சேர்ந்திருக்கின்றன என்று ஒவ்வொரு முறையும் வைத்தியரை விடாமல் கேட்டுவிட்டுத்தான் வாங்குகிறார். ஓடையோரத்து எட்டி இவ்வருஷமும் நிறையக் காய்த்திருக்கிறது. கொட்டைகளை விற்பதற்கு ஒரு சாக்கு கொடு தம்பி என்று நேற்று ஆள் அனுப்பியிருந்தார். தீவனச் சாக்கைக் கொடுக்காமல், புதுச் சாக்கு ஒன்றை வாங்கி, அதன்மேல் விஷம் என்று சிவப்பு மையினால் எழுதி அனுப்பியிருக்கிறேன்.